எண்ணெய்த் தொட்டியை விட்டுச் சின்டர் ஹார்டனிங்குக்கு மாறலாமா?

கேள்வி இதுதான். இரும்புப் பொடியுடன் 2 சதவீதம் செம்பும் 0.8 சதவீதம் கிராஃபைட்டும் கலந்து, டையில் (அச்சில்) அழுத்தி, சின்டரிங் செய்யப்படும், அதாவது இரும்பு உருகாமல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு உலையில் சூடாக்கப்படும், ஒரு சிறிய ஸ்பிராக்கெட்டை (சங்கிலிப் பற்சக்கரத்தை) மறுபடியும் சூடாக்கி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்குகிறீர்கள். வெளிவிட்டம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர், பல்லின் தடிமன் 8 மில்லிமீட்டர். தோய்த்தபின் நடுத்துளை கோணுகிறது, டெம்பரிங் அடுப்பில் (கடினமான பாகம் எளிதில் முறியாதிருக்க அதை மிதமாகச் சூடாக்கும் அடுப்பில்) புகை மண்டுகிறது, முலாம் பூசினால் சில நாட்களில் கறை கசிந்து வெளிவருகிறது. எண்ணெயே இல்லாமல், சின்டரிங் உலையை விட்டு வரும்போதே பாகம் கடினமாக வரும் சின்டர் ஹார்டனிங் முறை தங்கள் பாகத்துக்குப் பொருந்துமா, வரைபடம் கேட்கும் 55 ராக்வெல் சி என்னும் கடினஅளவு அதில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறை பொருந்தும். ஆனால் ராக்வெல் மானியில் 55 என்ற எண் வராது. இப்போது எண்ணெயில் தோய்க்கும் பாகத்திலும் அது வந்திருக்காது என்றே கருதுகிறேன். அந்த எண்ணைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் வாங்குபவருக்கும் செய்பவருக்கும் இடையே எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எண்ணெய் தரும் தொல்லையின் அளவை முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். பாகத்தின் எடை 100 கிராம், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.0 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதன் கனவளவு 14.3 கன சென்டிமீட்டர். துளையே இல்லாத இரும்பின் அடர்த்தி 7.86 என்பதால், உங்கள் பாகத்தில் நூற்றுக்குப் பதினொரு பங்கு வெற்றிடம், அதாவது ஒன்றரை கன சென்டிமீட்டருக்கும் மேல் காலியிடம் இருக்கிறது. இந்த அடர்த்தியில் அந்தத் துளைகள் தனித்தனிக் குமிழிகளாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று இணைந்து, மேற்பரப்பு வரை வாய் திறந்திருக்கும். சிவக்கச் சூடான பாகத்தை எண்ணெயில் இறக்கும்போது, குளிரக் குளிர உள்ளிருக்கும் வாயு சுருங்கி எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. அப்படிப் புகுந்ததை மேற்பரப்பைக் கழுவும் எந்தக் கரைசலாலும் முழுமையாக வெளியே எடுக்க முடியாது. நீங்கள் காணும் புகையும் கறையும் அந்த ஒன்றரை கன சென்டிமீட்டரிலிருந்து வருபவைதான்.

கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும்: சிவந்த எஃகை விரைவாகக் குளிர வைத்தால் அது கடினமாகிறது. ஏன் விரைவு வேண்டும்? சூட்டில் எஃகு ஆஸ்டினைட் என்னும் நிலையில் இருக்கிறது, கரி (கார்பன்) அதில் கரைந்து பரவியிருக்கிறது. மெதுவாகக் குளிர்ந்தால், 700 டிகிரி செல்சியஸிலிருந்து 500 டிகிரி வரையிலான இறக்கத்தில் கரி அணுக்களுக்கு நகர்ந்து பிரிய நேரம் கிடைத்துவிடும். அப்போது உருவாவது பியர்லைட், ஒப்பளவில் மென்மையானது. அந்த இறக்கத்தை வேகமாகக் கடந்துவிட்டால், கரி வெளியேற வழியின்றி இரும்பின் அணிக்கோப்புக்குள்ளேயே சிறைப்பட்டு, மார்ட்டென்சைட் உருவாகிறது. கடினத்தைத் தருவது அதுதான். எவ்வளவு வேகம் போதும் என்பதை எஃகின் கலவை தீர்மானிக்கிறது. மாலிப்டினம், மாங்கனீசு, குரோமியம், நிக்கல் ஆகியவை பியர்லைட் உருவாவதைத் தாமதப்படுத்துகின்றன. செம்பும் ஓரளவு உதவுகிறது. தாமதம் கூடக் கூட, எண்ணெயின் கடுமையான குளிர்ச்சி தேவைப்படாமல், உலையின் குளிர்மண்டலத்தில் வீசும் வாயுவே போதுமானதாகிவிடும்.

ஆகவே சின்டர் ஹார்டனிங் என்பதைத் தனியான ஒரு வெப்பச் செய்முறையாக எண்ண வேண்டாம். பொடியின் கலவையும் உலையின் குளிர்ச்சி வேகமும் செய்துகொள்ளும் ஓர் உடன்பாடு அது. ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் அதை ஈடுகட்ட வேண்டும். வழக்கமான கம்பிவலைப் பெல்ட் உலையில், 1120 டிகிரியில் இருபது முப்பது நிமிடம் இருந்துவிட்டு நீருறை சூழ்ந்த குளிர்மண்டலத்துக்குள் நுழையும் பாகம், நொடிக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு டிகிரி வேகத்தில் குளிர்கிறது. அந்த வாயுவை உறிஞ்சி, நீரால் குளிர்விக்கும் வெப்பமாற்றியினூடே செலுத்தி, விசிறியால் மறுபடியும் பாகங்களின் மீது பீச்சும் அமைப்பைச் சேர்த்தால், வேகம் நொடிக்கு இரண்டு மூன்று டிகிரியாக உயர்கிறது. உங்கள் உலையில் அந்த அமைப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் கலவையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

இப்போது நீங்கள் பயன்படுத்தும் இரும்பு-செம்பு-கரிக் கலவை இதற்குப் போதாது. அதன் கடினமேறும் திறன் மிகக் குறைவு. விசிறி வைத்த குளிர்மண்டலத்திலும் அது பியர்லைட்டாகவே வெளிவரும். அடிப்படைப் பொடியையே மாற்ற வேண்டும். உருக்கிய எஃகில் கலப்பு உலோகங்களைக் கரைத்தபின் நீரைப் பீச்சித் தூளாக்குவது முன்கலப்புப் பொடி. இதில் ஒவ்வொரு துகளும் ஒரே கலவையுடையது, அதனால் கடினமேறும் திறன் எங்கும் சீராக இருக்கும். தனித்தனிப் பொடிகளை வெறுமனே கலந்தால் அப்படி அமையாது. நிக்கலைத் தனிப் பொடியாகச் சேர்த்தால், 1120 டிகிரியில் அரை மணி நேரத்துக்குள் அது முழுவதும் பரவி முடிவதில்லை. நிக்கல் செறிந்த மென்மையான ஆஸ்டினைட் தீவுகள் ஆங்காங்கே தங்கிவிடுகின்றன. அவை கடினத்தைக் குறைத்தாலும் முறியாத்தன்மைக்குச் சற்று உதவுகின்றன என்பதால், சில பாகங்களில் வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. செம்பின் போக்கு வேறு. அது 1085 டிகிரியில் உருகித் துகள்களின் இடுக்குகளில் நுண்குழாய் ஈர்ப்பால் பரவிவிடுகிறது, பரவும்போது பாகத்தைச் சற்றுப் பருக்கவும் செய்கிறது.

அமெரிக்காவின் உலோகப்பொடித் தொழில் கூட்டமைப்பான எம்.பி.ஐ.எஃப். வெளியிடும் 35-ஆம் எண் தரநூலில் எஃப்.எல்.சி.-4608 என்ற வகை உங்கள் பாகத்துக்கு நல்ல தொடக்கம். 1.8 சதவீத அளவில் நிக்கலும் 0.5 சதவீத அளவில் மாலிப்டினமும் முன்கலப்பாக உள்ள பொடியில், ஏறத்தாழ 2 சதவீதம் செம்பும் கிராஃபைட்டும் சேர்த்த கலவை அது. பெயரின் கடைசி 08 கரியின் அளவைக் குறிக்கிறது. இதைவிட ஆழமாகக் கடினமேற வேண்டிய தடித்த பாகங்களுக்கு, மாலிப்டினத்தை 1.25 சதவீதம் வரை உயர்த்தி, 1.4 சதவீதம் நிக்கலும் 0.4 சதவீத அளவில் மாங்கனீசும் வைத்த ஆங்கர்ஸ்டீல் 737 எஸ்.எச். போன்ற பொடிகள் இருக்கின்றன. உங்கள் எட்டு மில்லிமீட்டர்ப் பல்லுக்கு அவ்வளவு தேவைப்படாது என்பது என் கணிப்பு. தேவைக்கு மேல் கலப்பு வாங்குவது பணத்தை மட்டும் வீணாக்குவதில்லை. நிக்கலும் மாங்கனீசும் இரும்புத் துகளையே இறுக்கமாக்குவதால், அதே டன் அழுத்தத்தில் கிடைக்கும் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்தால் வலிமை குறையும். அதோடு துளைகள் வெப்பத்தைத் தடுப்பதால், பாகத்தின் நடுப்பகுதி மெதுவாகக் குளிர்ந்து கடினமேறுவதும் குறையும். இந்த வகையில் மாலிப்டினம் நல்ல நண்பன், அழுத்தமேற்பதை அதிகம் கெடுக்காமல் கடினமேறும் திறனைக் கூட்டுகிறது.

குரோமியம் கலந்த பொடிகள், உதாரணமாக 3 சதவீதம் குரோமியமும் அரை சதவீதம் மாலிப்டினமும் கொண்ட அஸ்டலாய் சி.ஆர்.எம்., விசிறி அமைப்பு இல்லாத உலையிலேயே மார்ட்டென்சைட் தரக்கூடியவை. கரியும் 0.5 சதவீதத்துக்குள் போதும். ஆனால் குரோமியம் ஆக்சிஜனை விடாமல் பற்றிக்கொள்ளும். உலர்ந்த நைட்ரஜன்-ஹைட்ரஜன் கலவை வேண்டும், டியூ பாயிண்ட், அதாவது வாயுவிலுள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை, கழித்தல் 40 டிகிரிக்கும் கீழே இருக்க வேண்டும். முடிந்தால் 1250 டிகிரியில் சின்டரிங் செய்வது நல்லது. நீங்கள் எண்டோ வாயு (எரிவாயுவைக் காற்றோடு வினைப்படுத்திப் பெறும், கார்பன் மோனாக்சைடு கலந்த உலை வாயு) ஓட்டுபவராக இருந்தால் குரோமியத்தின் பக்கம் போகவே வேண்டாம். அந்தச் சூழலில் துகள்களின் விளிம்பில் ஆக்சைடு படிந்து, பார்வைக்கு நன்றாக இருக்கும் பாகம் சுத்தியலின் ஓர் அடியில் உடையும்.

இனி உலையைப் பார்ப்போம். கலவை அட்டவணைகளில் எழுதியிருக்கும் வலிமை எண்கள் எல்லாம் சோதனைக் கம்பிகளில் எடுத்தவை. உற்பத்தியில் பாகத்தின் தடிமனோடு, பெல்ட்டின் மேல் அதைச் சுற்றி எத்தனை பாகங்கள் நெருங்கி அமர்ந்திருக்கின்றன என்பதும் குளிர்ச்சியைத் தீர்மானிக்கிறது. நான் பணியாற்றிய ஓர் ஆலையில், பகல் ஷிஃப்டில் எடுத்த பாகங்கள் எல்லாம் தேறின, இரவு ஷிஃப்டில் எடுத்தவற்றில் ஒரு பங்கு மட்டும் மென்மையாக வந்தது. பொடியின் கரி அளவையும் வாயுவையும் டியூ பாயிண்டையும் சோதித்து ஒரு வாரம் கழிந்தது. கடைசியில் பாகங்களைப் பெல்ட்டில் இருந்த வரிசைப்படியே எடுத்து எண்ணிட்டு வெட்டிப் பார்த்தோம். ஓரத்து வரிசைகளில் முழு மார்ட்டென்சைட் இருந்தது. நடு வரிசைகளில் கறுத்த பியர்லைட் திட்டுகள் இருந்தன. எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் பெல்ட்டின் நடுவில் பாகங்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து, ஒரு சதுர மீட்டர்ப் பெல்ட்டுக்கு எத்தனை கிலோ என்பதைப் பதிவேட்டின் முதல் பத்தியில் எழுத வைத்தோம். சின்டர் ஹார்டனிங்கில் பாகங்களை அடுக்குபவரின் கை உலோகவியலாளரின் கணக்கைப் போலவே முக்கியமானது. அவரிடம் காரணத்தைச் சொல்லிப் புரியவைக்காமல் வெறும் கட்டளையாக எழுதி ஒட்டினால், அடுத்த அவசர நாளில் அது மறுபடியும் நடக்கும்.

வாயு மேலிருந்து மட்டும் வீசினால், பெல்ட்டில் படிந்திருக்கும் கீழ்ப்பக்கம் பின்தங்கிக் குளிர்ந்து, தட்டையான பாகம் வளையும். எண்ணெயில் ஏற்படும் கோணலோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு, ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

உலையின் வாயிலில் கவனிக்க வேண்டிய இன்னொன்று வெளிவரும் பாகத்தின் சூடு. முக்கால் சதவீதக் கரியும் இத்தகைய கலப்பும் உள்ள எஃகில், மார்ட்டென்சைட் உருவாகத் தொடங்குவதே 200 டிகிரியை ஒட்டித்தான், சிலவற்றில் அதற்கும் கீழே. அங்கிருந்து அறைவெப்பம் வரை இறங்க இறங்கத்தான் அது வளர்ந்து முடிகிறது. பாகம் 120, 130 டிகிரியில் வெளிவந்து, அப்படியே பெட்டியில் குவிக்கப்பட்டு, சூட்டோடு டெம்பரிங் அடுப்புக்குப் போனால், மாற்றம் பாதியில் நின்றுபோய், ஆஸ்டினைட் மிச்சமாகத் தங்கிவிடும். கையில் தொட்டுத் தாங்கக்கூடிய சூட்டுக்கு வந்தபின்னரே டெம்பரிங்குக்கு அனுப்புங்கள். அதே வேளையில் அதைத் தள்ளிப்போடவும் கூடாது. டெம்பரிங் செய்யாத மார்ட்டென்சைட் உள்ளழுத்தம் நிறைந்தது, மேசையிலிருந்து விழுந்தாலே பல் உதிரலாம். 180 முதல் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் போதும், சாதாரணக் காற்றிலேயே செய்யலாம். இந்தச் சிறு செலவை மிச்சம் பிடிக்க நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மிச்சமே அல்ல.

இப்போது அந்த 55-க்கு வருவோம். ராக்வெல் சி மானியின் வைரக்கூம்பு 150 கிலோ சுமையோடு இறங்கும்போது, அது அழுத்துவது எஃகை மட்டுமல்ல, எஃகுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களையும் சேர்த்துத்தான். துளைகள் நசுங்குவதால் கூம்பு ஆழமாக இறங்குகிறது, மானி 33, 35 என்று காட்டுகிறது. இதைத் தோற்றக் கடினம் என்கிறோம். அதே பாகத்தை வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ்த் துளையில்லாத ஒரு துகளைத் தேர்ந்து 100 கிராம் சுமையில் விக்கர்ஸ் என்னும் வேறொரு கடினஅளவை எடுத்தால், 650-க்கும் 750-க்கும் இடையே வரும். அதை ராக்வெல்லுக்கு மாற்றினால் 57-ஐத் தாண்டும். இரண்டு எண்களும் உண்மை. ஆனால் தேய்மானத்தைத் தாங்குவது துகளின் கடினம். சங்கிலி உருளை பல்லின் மீது உராயும்போது அது சந்திப்பது 57-ஐ, 35-ஐ அல்ல. இதை வாங்குபவருக்குக் காட்ட மிக எளிய வழி ஓர் அரம். மானி 35 காட்டிய பல்லின் மீது நல்ல அரத்தை வைத்துத் தேய்த்தால், அது கடிக்காமல், கண்ணாடியில் இழுத்தது போல வழுக்கிக்கொண்டு போகும். துளையில்லாத வார்ப்பிலோ வார்கம்பியிலோ செய்த, அதே 35 காட்டும் சாதாரண எஃகில் அரம் கடித்துப் பொடியை உதிர்க்கும். இரண்டையும் அடுத்தடுத்து ஒருவர் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொன்னபின் அவர் 55 கேட்டு வாதாடியதை நான் கண்டதில்லை.

நுண்ணோக்கிக்கான மாதிரியைத் தயாரிப்பதிலும் பொறுமை வேண்டும். அவசரமாக மெருகேற்றினால் உலோகம் துளைகளின் மேல் இழுபட்டு மூடிக்கொண்டு, இருப்பதைவிட அடர்த்தியான பாகம் போலக் காட்டும். துளைகளில் ரெசினை நிரப்பி, நீண்ட நேரம் மெருகேற்றி, நைட்டால், பிக்ரால் என்னும் அமிலக் கரைசல்களைக் கொண்டு இலேசாக அரித்தால், மார்ட்டென்சைட் வைக்கோல் நிறத்தில் ஊசி ஊசியாகவும், பியர்லைட் கறுத்த திட்டாகவும், மிச்ச ஆஸ்டினைட் வெள்ளையாகவும் பிரிந்து தெரியும். பல்லின் வேரிலும் பாகத்தின் நடுத்தடிமனிலும் பார்க்க வேண்டும். ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பமிடுவது போதாது.

உங்களுக்கு இருக்கும் பெரிய தடையாக நான் கருதுவது டை. இப்போதைய டை, செம்பால் பருக்கும் உங்கள் பழைய கலவைக்கும், எண்ணெயில் ஏற்படும் அளவு மாற்றத்துக்கும் சேர்த்து வெட்டப்பட்டது. புதிய பொடி டையை விட்டு வெளிவரும்போது விரிவது வேறு, சின்டரிங்கில் மாறுவது வேறு, மார்ட்டென்சைட்டாகும்போது பருப்பதும் வேறு. 60 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.2 சதவீத வேறுபாடு என்றாலே 0.12 மில்லிமீட்டர், சங்கிலியின் ஓட்டத்தைக் கெடுக்க அது போதும். பழைய முறையில் சின்டரிங்குக்குப் பின் சைசிங் பிரஸ்ஸில் ஓர் அழுத்து அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்திருப்பீர்கள். இங்கே உலையை விட்டு வருவதே கடினமான பாகம் என்பதால் அந்த வாய்ப்பு இல்லை. கடைசல் வேலையும் அப்படித்தான். நடுத்துளையைச் சாணை பிடித்தோ ஹோனிங் (நுண்கல்லால் தேய்த்தல்) செய்தோ, சி.பி.என். என்னும் மிகக் கடினமான போரான் நைட்ரைடு முனையால் கடைந்தோதான் முடிக்க முடியும். அதனால் கரி அளவைத் தொகுதிக்குத் தொகுதி 0.05 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்துவது இங்கே அளவுக் கட்டுப்பாடாகவும் ஆகிவிடுகிறது. சின்டரிங்கின்போது பொடியிலுள்ள ஆக்சிஜன் கொஞ்சம் கரியைத் தின்றுவிடும் என்பதால், கிராஃபைட்டை 0.85 என்று சேர்த்தால் பாகத்தில் தங்குவது 0.75 அளவுதான். கலக்கும் எண்ணையும் தங்கும் எண்ணையும் தனித்தனியே குறித்து வையுங்கள்.

எங்கே இந்த முறை கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது பாகத்தை முழுக்கக் கடினமாக்கும் முறை. கார்புரைசிங் செய்த, அதாவது மேற்புறத்தில் மட்டும் கரி ஏற்றிக் கடினமாக்கிய, பற்சக்கரத்தைப் போல மேற்புறம் கடினமாகவும் உள்ளே இளக்கமாகவும் இருக்கும் அமைப்பு இதில் கிடையாது. மேற்புறத்தில் சாதகமான அமுக்க அழுத்தமும் அந்த அளவுக்கு உண்டாகாது. இழுவலிமை கலவையையும் அடர்த்தியையும் பொறுத்து 700 முதல் 1000 மெகாபாஸ்கல் வரை கிடைத்தாலும், உடையுமுன் நீளும் அளவு ஒரு சதவீதத்தை எட்டாது. திரும்பத் திரும்பப் பலத்த மோதல் விழும் பாகங்களுக்கும், பல்லின் முகத்தில் உருள்தொடர்பு அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் முக்கிய கியர்களுக்கும் 7.0 அடர்த்தியில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே துளைகளே விரிசலின் தொடக்கமாகிவிடும். ஸ்பிராக்கெட், கேம், பம்புச் சக்கரம், மின்கருவிகளின் கியர், பூட்டின் உள்பாகங்கள் போன்றவற்றில் இதற்கு இணையான சிக்கனமான வழி எனக்குத் தெரிந்து வேறில்லை. இரண்டு பச்சைப் பாகங்களை, அதாவது அழுத்தி இன்னும் சின்டரிங் செய்யாதவற்றை, பற்றாசுக் கலவையோடு ஒன்றாக அடுக்கி அனுப்பினால், ஒரே ஓட்டத்தில் சின்டரிங், இணைப்பு, கடினம் மூன்றும் முடிந்துவிடும். கோள்கியர்த் தாங்கிகளை இப்படித்தான் செய்கிறார்கள், அதன் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

உங்கள் அடுத்த அடி இப்படி இருக்கட்டும். புதிய டைக்கு ஆர்டர் கொடுக்குமுன், இப்போதைய டையிலேயே எஃப்.எல்.சி.-4608 கலவையில் ஐந்நூறு பாகங்களை 7.0 அடர்த்திக்கு அழுத்துங்கள். பெல்ட்டில் மூன்று விதமான அடுக்குகளில், நெருக்கமாகவும் நடுத்தரமாகவும் விட்டுவிட்டும் வைத்து ஓட்டுங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பாகங்களை எண்ணிட்டு எடுத்து, டெம்பரிங்குக்கு முன்னும் பின்னும் விட்டத்தையும் துளையையும் அளந்து, பல்லின் வேரில் வெட்டிப் பாருங்கள். எந்த நெருக்கத்தில் முதல் பியர்லைட் திட்டு தெரிகிறதோ, அதற்கு ஒரு படி முன்னால் இருப்பதுதான் உங்கள் உலையின் உண்மையான கொள்ளளவு. அந்த விட்ட அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு டை வரைபடத்தைத் திருத்துங்கள். வாங்குபவரின் வரைபடத்திலும் 55 ராக்வெல் சி என்ற வரியை எடுத்துவிட்டு, தோற்றக் கடினம் குறைந்தது 30 ராக்வெல் சி, துகள் கடினம் 100 கிராம் சுமையில் குறைந்தது 650 விக்கர்ஸ், அளக்கும் இடம் பல்லின் பக்கவாட்டு முகம் என்று மூன்றையும் எழுதி, ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒப்பம் வரும்வரை எண்ணெய்த் தொட்டியை அகற்ற வேண்டாம்.